ஒட்டாத தவா பற்றி மாப்பிள்ளைக்கு

திண்டிவனம்
14-8-1987

விழுப்புரம் மாப்பிள்ளை சின்னதுரை அவர்களுக்கு, எண்ணெய்க் கடை பாண்டுரங்கன் அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதுவது. இருமலைத் தவிர்த்தால் இவ்விடம் சௌக்கியம். அவ்விடம் தாங்களும், சம்பந்தியம்மாளும், ஏழு மாதமாகியும் வாந்தி நிற்காத எங்கள் அம்சவள்ளியும் எப்படி இருக்கிறீர்கள் என்றறிய ஆவல்.

விஷயம் என்னவென்றால், போன மாதம் தாங்கள் அன்போடு வாங்கிக்கொடுத்த நான்ஸ்டிக் தவா. மல்லாட்டைக் கடலை எண்ணெய் விற்றுப் பிழைக்கிறவன் வீட்டுக்கு எண்ணெயே கேட்காத தவாவா என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா? மனசுக்குள் நினைத்ததோடு சரி. தங்கள் மாமியார் லட்சுமி அதைப் பம்ப் ஸ்டவ்வில் ஏற்றி, இரும்பு தோசைக்கல்லைப்போலப் புகை கிளம்பும்வரை வெறுமனே காயவைத்து, தண்ணீர் தெளித்து, அப்புறம்தான் மாவு ஊற்றுகிறாள். அந்தப் புகை இருக்கிறதே, தொண்டையைப் பிடித்தால் விடாது. சாயங்காலம் இரண்டு பேருக்கும் குளிர்ஜுரம். கம்பவுண்டர் மலேரியா என்று மாத்திரை கொடுத்தார். ஜுரம் தானாகப் போய், அடுத்த தோசைக்குத் திரும்பி வந்தது. இதற்குள் எங்கள் சமையலறை ஜன்னலை ஒட்டிப் பக்கத்து வீட்டு தேவநாதன் கூண்டில் வளர்த்த லவ் பேர்ட்ஸ் இரண்டும் ஒரே காலையில் செத்து விழுந்தன.

அவர் பேங்க்கில் வேலை செய்பவர். செத்த குருவிகளோடு வந்து நின்று, தவாவின் அட்டைப்பெட்டியை வாங்கிப் படித்தார். "இன்னா சார் இது? வெறும் தவாவ அடுப்புல வெக்காதேன்னு இங்கிலீஷ்ல போட்டிருக்கான், நீங்க புகைய கெளப்பிக்கினு இருக்கீங்களே!"

"காயாத கல்லுல ஊத்துனா மாவு ஒட்டிக்காதா?" என்றாள் லட்சுமி.

"ஒட்டாதுன்னுதாம்மா அத்த வாங்கறதே!"

யோசித்துப் பாருங்கள் மாப்பிள்ளை. குருவிக்கே இந்தக் கதி என்றால், பிரசவத்துக்கு வரும் பெண்ணுக்கும் வயிற்றிலிருக்கும் சிசுவுக்கும் என்ன ஆகும்? தவாவைப் பரணில் போடு என்றால் லட்சுமி கேட்டால்தானே! "மாப்ள ஆசையா குடுத்தத மூலையில போட்டா அவரு மனசு என்னாவும்? இருமிக்கினு சாப்புடுங்க, பேஜாரு பண்ணாதீங்க" என்கிறாள். ஆகவே தாங்கள் வருத்தப்படாமல், 'பரணில் போடவும்' என்று தங்கள் கைப்பட ஒரு வரி எழுத வேண்டியது. இனி அது என் வீட்டு அடுப்பில் ஏறினால் நான் கடையிலேயே படுத்துக்கொள்வேன், சொல்லிவிட்டேன்.

தாங்கள் தீர்க்காயுசாக இருக்கவும், பிரசவம் நல்லபடி ஆகவும் வேண்டும்
மாமனார்,
பாண்டுரங்கன்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் சம்பந்தியம்மாள் அம்சவள்ளியைப் பஸ்ஸில் கூட்டிவந்து விட்டுப் போனார். பெண் துரும்பாக இளைத்திருக்கிறாள். நான் அடம்பிடித்து இரும்புக் கல்லை வைக்கச் சொன்னேன். அதில் எண்ணெய் விட்டதும் அம்சவள்ளி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். "எண்ண வாசனையே எனக்கு ஆவ மாட்டேங்குதுப்பா. அதுக்குத்தான் அவரு இங்கயும் இந்தத் தவாவ வாங்கி வெச்சாரு. அங்க மூணு மாசமா அவருதான் எனக்குச் சுட்டுப் போடறாரு. 'ஒங்கப்பா கேட்டா சிரிப்பாரு, சொல்லாதே'ன்னாரு" என்றாள்.

சிரிக்கவில்லை மாப்பிள்ளை, கண் கலங்கிவிட்டது. மேலே எழுதியது எதையும் படிக்காததாக நினைத்துக்கொள்ளவும். கடை வாடை போகக் குளித்துவிட்டு, ஜன்னலைத் திறந்து, ஸ்டவ்வின் காற்றைக் குறைத்து, புகையவிடாமல் அந்தத் தவாவில் நானே சுடுகிறேன். லட்சுமியைக் கிட்டே விடுவதில்லை. பெண் மூன்று தோசை தின்றாள், வயிற்றில் நின்றது. ஆனாலும் "அவரு சுடறாப்பல இல்ல" என்கிறாள். ஆகையால் ஞாயிற்றுக்கிழமை விடிகாலை பஸ்ஸில் வந்து எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகவும்.