திமிங்கலம் எங்கள் சந்துக்குள் வந்த விவரம்

அன்புள்ள மருமகனுக்கு,

உன் மாமன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அத்தை, அவள் இடது காலில் இருக்கும் மாவுக்கட்டு மூவரும் சௌக்கியம். அங்கே நீயும் உன் சம்சாரமும் புதிதாக வாங்கிய துணி துவைக்கும் மிஷினும் அதே மாதிரி ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

நிற்க. முந்தாநாள் நீ போனில் கத்தியது எனக்கு முக்கால்வாசிதான் கேட்டது. கேட்டவரையில், உன் பழைய தலைமையாசிரியை, அதாவது நம் நகரத்து நூற்றாண்டு விழாக் குழுத் தலைவி, உன்னைக் கூப்பிட்டு, "உங்க மாமாகிட்ட ஒரே ஒரு அம்புக்குறியைத்தானேப்பா கொடுத்தேன்" என்று அழாத குறையாகச் சொன்னார்களாம். நீ சிபாரிசு பண்ணி வாங்கிக்கொடுத்த பொறுப்பு, உன் மானம் கப்பலேறிவிட்டது என்றாய். போனில் பதில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் குறுக்கே பேச வழியில்லை. ஆகையால் நடந்ததை நடந்தபடி, ஒரு இம்மி கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். எனக்குக் கூட்டிச் சொல்லத் தெரியாது என்பது உலகத்துக்கே தெரியும்.

முதல் ஆலோசனைக் கூட்டத்துக்கு நான் போனபோது மண்டபத்தில் இருந்த இருநூறு பேரும் ஒரே சமயத்தில் எழுந்து நின்றார்கள். கூட்டம் அப்போதுதான் முடிந்திருந்தது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். தலைமையாசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டு மஞ்சள் மேல்சட்டை ஒன்றும், கழுத்தில் மாட்ட விசிலும், குச்சியில் அடித்த பலகை ஒன்றும் கொடுத்தார்கள். பலகையில் மேலே பார்த்த மாதிரி ஒரு சிவப்பு அம்புக்குறி. கடைத்தெரு நாற்சந்தியில், மருந்துக்கடை முன்னால் நின்று, ஊர்வலம் வரும்போது இதைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஊர்வலம் நேராகப் பெரிய ரோட்டோடு போய்ப் பூங்காவில் முடியும்.

"நீங்க ஒண்ணும் யோசிக்க வேண்டாண்ணே. நின்னா போதும்" என்றார்கள்.

"நிக்கிறதுலயே ரெண்டு விதம் இருக்கும்மா."

"எங்களுக்கு முதல் விதமே போதும்ணே."

இவ்வளவு பெரிய பொறுப்பை வேறு யாரிடமும் கொடுக்க அவர்களுக்கு மனசு வரவில்லை, பார். அன்றைக்கிருந்தே என்னைப் போக்குவரத்துத் தலைமைப் பொறுப்பாளர் என்றுதான் தெருவில் சொல்கிறார்கள். முதலில் சொன்னது நான்தான், ஆனால் மறுத்து யாரும் பேசவில்லை.

இப்போது திமிங்கலத்துக்கு வருகிறேன். நம்முடையது துறைமுக நகரம் என்பதால் ஊர்வலத்துக்கு ஒரு திமிங்கலம் வேண்டும் என்று குழுவில் முடிவானது. முப்பதடி நீளம், இரும்புக் கம்பிக் கூடு, அடியில் சக்கரம், உள்ளே பன்னிரண்டு பேர் நின்று தள்ளிக்கொண்டு போக வேண்டும். அதற்குத் தோல் தைக்க இந்த நகரத்திலேயே உன் அத்தையை விட்டால் ஆளில்லை. ஆறு வாரம். முக்காலி மேல் ஏறித் திரைச்சீலை மாட்டப் போய்க் கீழே விழுந்து காலை உடைத்துக்கொண்டவள், மாவுக்கட்டுக் காலை ஒரு நாற்காலியிலும் மிஷினை இன்னொரு பக்கத்திலும் வைத்துக்கொண்டு, நீலத் துணியும் வெள்ளித் துணியுமாகத் துண்டு துண்டாகத் தைத்துத் தள்ளினாள். அரை அரை வட்டமாக நாலாயிரம் செதில். திமிங்கலத்துக்குச் செதில் கிடையாது என்று குழுவில் எவனோ ஒரு அதிகப்பிரசங்கி சொன்னானாம். எங்கள் ஊர்த் திமிங்கலத்துக்கு உண்டு என்று சொல்லி அனுப்பினேன். செதில் யோசனை என்னுடையது.

தைத்த துண்டுகளைச் சனிக்கிழமை தோறும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் வைத்துக் கூட்டின்மேல் மாட்டுவார்கள். அப்படியாக, மொத்தத்தையும் தைத்தவள் முழுசாக ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. நாங்கள் இருப்பது இரண்டாவது மாடி, முப்பத்துநாலு படி, லிஃப்ட் கிடையாது. டாக்டர் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்கிறார். கடைசிப் பை போன அன்றைக்கு நூல் துணுக்குகளைப் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

"கண்ணு எங்க வெச்சிருக்காங்களாம்?" என்றாள்.

"தலையிலதான்."

"அது தெரியுது. ரொம்ப முன்னால வெச்சா முழிக்கிற மாதிரி இருக்கும்."

"நீயே பாத்துக்க வேண்டியதுதானே" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"நான் பாக்காட்டி என்ன, ஊர்வலம் நின்னா போயிடும்?" என்று சொல்லிவிட்டு மிஷினுக்கு எண்ணெய் போட ஆரம்பித்தாள். மருமகனே, அந்த மிஷினுக்கு முந்தின நாள்தான் எண்ணெய் போட்டிருந்தாள்.

அன்றைக்கு நான் எந்த முடிவும் எடுக்கவில்லை. இதை நீ தலைமையாசிரியையிடம் அழுத்திச் சொல்ல வேண்டும்.

விழா நாள் காலை ஏழு மணிக்கே நாற்சந்திக்குப் போய்விட்டேன். அத்தையைப் பால்கனியில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, தண்ணீர், ரேடியோ, மாத்திரை எல்லாம் கைக்கு எட்டும்படி வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். பத்து மணிக்குத் தூரத்தில் பேண்டு சத்தம். மக்கள் கூட்டம் ஐயாயிரத்துக்குக் குறையாது. முன்னால் நகரக் கொடியைப் பிடித்துக்கொண்டு நம்ம ஓய்வுபெற்ற தபால்காரர். ஊரில் எல்லா வழியும் தெரிந்தவர் என்று அவரை முன்னால் விட்டிருந்தார்கள். அவருக்குப் பின்னால் பேண்டுக் கோஷ்டி, அதற்குப் பின்னால் அலை வேஷம் போட்ட பள்ளிக்கூடப் பெண்கள் அறுபது பேர், அதற்குப் பின்னால் வந்தது பார், நாற்பதடித் திமிங்கலம்! வெயில் பட்டதும் நாலாயிரம் செதிலும் ஒன்றாக மினுங்கியது. உள்ளே இருப்பவர்கள் நடக்க நடக்கத் தோல் மெதுவாக ஏறி இறங்குகிறது, நிஜமாகவே மூச்சு விடுகிற மாதிரி. கண் கச்சிதமாக இருந்தது. முழிக்கவே இல்லை.

எனக்கு என்ன தோன்றியதோ, பெரிய ரோட்டில் வெயில் ஜாஸ்தி, ஒரு இடத்தில் தண்ணீர் வேறு தேங்கிக் கிடக்கிறது, பெண் பிள்ளைகள் வழுக்கி விழுந்தால் யார் பதில் சொல்வது என்றெல்லாம் ஒரு நிர்வாகி யோசிக்க வேண்டியதை யோசித்தேன். சரி, உன்னிடம் மறைப்பானேன். அதெல்லாம் அப்புறம் யோசித்தது. அந்த நேரத்தில் ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. இடது பக்கம் திரும்பினால் எங்கள் சந்து. பாதியில் எங்கள் வீடு. அந்தக் கோடியில் சலவைக்கடை, அதைத் தாண்டினால் மறுபடியும் பெரிய ரோடு. ஆறு நிமிஷம். நூறு வருஷம் ஆன நகரத்துக்கு ஆறு நிமிஷம் ஒரு பெரிய விஷயமா? பலகையைச் சாய்த்தேன். அவ்வளவுதான். ஒரு சாய்ப்பு.

என் திட்டத்தில் ஒரு குற்றமும் கிடையாது. தபால்காரர் சொதப்பினதுக்கு நான் என்ன செய்ய முடியும்? அந்த மனுஷர் முப்பத்தோரு வருஷம் எங்கள் சந்தில் தபால் கொடுத்தவர். போகும்போது இரட்டைப்படை வீடுகள், வரும்போது ஒற்றைப்படை வீடுகள். சந்துக்குள் கால் வைத்ததும் அவர் காலுக்குப் பழைய உத்தியோகம் ஞாபகம் வந்துவிட்டது. கொடியைப் பிடித்தபடி இரட்டைப்படைப் பக்கமாகவே போனார், சலவைக்கடை வந்ததும் வெளியே போகாமல் அழகாகத் திரும்பி ஒற்றைப்படைப் பக்கமாக வர ஆரம்பித்துவிட்டார். பேண்டும் அவர் பின்னாலேயே திரும்பிவிட்டது. நான் ஓடிப்போய்ப் பிடித்தேன்.

"ஏன்யா திரும்பின?"

"அப்ப ஒத்தப்படை வீடெல்லாம் யாரு பாக்கிறது?" என்கிறார்.

அதற்குள் போகிற அலைகளும் வருகிற பேண்டும் முட்டிக்கொண்டன. அலைகள் பின்வாங்கித் திமிங்கலத்தின் மேல் சாய்ந்தன, திமிங்கலம் ஒதுங்கப் போய் அதன் துடுப்பு கீழ்வீட்டு நர்ஸ் வீட்டு ஜன்னல் கம்பிக்குள் மாட்டிக்கொண்டது, பின்னால் வந்தவர்களுக்கு முன்னால் நடப்பது தெரியாமல் தள்ளிக்கொண்டே இருந்தார்கள், டிரம் அடிப்பவர் கை வீச இடமில்லாமல் சைக்கிள் கடைக்காரர் முதுகில் ரெண்டு வைத்துவிட்டார். நல்லவேளை, நர்ஸ் வீடு பூட்டியிருந்தது. திமிங்கலம் சரியாக எங்கள் பால்கனிக்குக் கீழே, அளவெடுத்து நிறுத்தின மாதிரி, அசையாமல் நின்றுவிட்டது. வயிற்றுக்குள்ளிருந்து ரொட்டிக்கடைக்காரர் குரல் வந்தது.

"அண்ணே, இப்ப நாம எங்க இருக்கோம்?"

"எங்க வீட்டு வாசல்ல."

"இங்க எதுக்கு வந்தோம்?"

"பேசாம நில்லுய்யா, நல்ல இடத்துலதான் நிக்கிற."

நான் மேலே பார்த்துக் கத்தினேன்: "பாத்தியா! எல்லாம் உன் துணிதான்!" மருமகனே, அந்தக் காட்சியை நீ பார்த்திருக்க வேண்டும். எதிரே சூரியன், கண் கூசுகிறது. உன் அத்தை நீலச் சால்வையைப் போர்த்திக்கொண்டு கம்பி ஓரமாக எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டு ஆட்டு என்று ஆட்டினாள். ஒற்றைக் காலில் குதித்தாள் என்றுகூடச் சொல்லலாம். நாற்பது நிமிஷம் திமிங்கலம் அங்கேயே நின்றது. பேண்டுக்காரர்கள் வேறு வழியில்லாமல் ஒரே பாட்டை எட்டுத் தடவை வாசித்தார்கள், சந்துக்காரர்கள் அத்தனை பேரும் வாசலுக்கு வந்து கைதட்டினார்கள். இந்த நகரத்தில் நூறு வருஷமாக எங்கள் சந்தை எட்டிப் பார்க்காத கொடி எங்கள் சந்திலேயே இரண்டு தடவை போனது.

அப்புறம் தலைமையாசிரியை கையில் ஒலிபெருக்கியோடு, இரண்டு வாசல்களில் ஏறி இறங்கி வந்து சேர்ந்தார்கள். ஒலிபெருக்கியை வாயிலிருந்து எடுக்க மறந்துவிட்டதால் அவர்கள் என்னிடம் தனியாகச் சொன்னதை ஊரே கேட்டது.

"அந்தப் பலகையைக் கொடுங்கண்ணே."

"வேலை முடிஞ்சுதாம்மா?"

"உங்க வேலை முடிஞ்சுது."

குழாய் ரிப்பேர்க்காரர் வந்து நட்டு கழற்றி, திமிங்கலத்தை மூன்று துண்டாக்கி, ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார்கள். ஊர்வலம் ஒரு மணி நேரம் தாமதமாகப் பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. மூன்று துண்டான திமிங்கலத்தையும் மக்கள் மூன்று மடங்கு ரசித்திருப்பார்கள் என்பது என் அபிப்பிராயம்.

இதுதான் நடந்தது. இனி உன்னால் ஆக வேண்டியது இரண்டு. அடுத்த மாதம் பூங்காவில் மரம் நடும் விழாவுக்கு ஆள் எடுக்கிறார்களாம், என் பெயரை அடித்துவிட வேண்டாம் என்று தலைமையாசிரியையிடம் பக்குவமாகச் சொல். மரத்துக்கு அம்புக்குறி தேவைப்படாது. இரண்டாவது, பலகையைச் சாய்த்தது நான் என்று அத்தைக்குத் தெரியாது. தைத்தவளுக்கு மரியாதை செய்ய விழாக் குழுவே வழியை மாற்றியது என்று சொல்லிவைத்திருக்கிறேன். அவளுக்காக ஊரையே சுற்ற விட்டேன் என்று தெரிந்தால் என்னைத் திட்டித் தீர்த்துவிட்டு, அப்புறம் பார்த்ததும் பார்க்காத மாதிரி ஆகிவிடும் அவளுக்கு. நீ வாயைத் திறக்காதே.

முகவரி எழுத மட்டும் இதை அவளிடம் கொடுக்கிறேன். என் கையெழுத்தை இரண்டு மூக்குக்கண்ணாடி போட்டாலும் அவளால் படிக்க முடியாது, அந்தப் பயமில்லை. நீங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று, போனில் மெதுவாகப் பேசி, நீடூழி வாழ இந்த மாமனின் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்
(போக்குவரத்துத் தலைமைப் பொறுப்பாளர்)

பி.கு.: தம்பி, அத்தை எழுதுகிறேன். முப்பது வருஷமாக இந்தக் கையெழுத்தைப் படிக்கிறேன், எனக்கென்ன கஷ்டம். திமிங்கலம் பதினெட்டு அடி. வெட்டினவள் நான். செதில் அறுநூறு.

அன்றைக்கு நான் வீட்டில் இல்லை. உன் மாமா கிளம்பின அரை மணியில் கீழ்வீட்டு நர்ஸும் அவள் புருஷனும் என்னை நாற்காலியோடு தூக்கி முப்பத்துநாலு படியும் இறக்கி, ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த சக்கர நாற்காலியில் வைத்துப் பெரிய ரோட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். நாற்சந்தியைத் தாண்டி, பாங்கு வாசலில், அவர் கண்ணில் படாத தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். மேலே அவர் பார்த்தது கம்பியில் காயப்போட்டிருந்த என் சால்வை.

திமிங்கலத்தைப் பார்க்கத்தான் போனேன். ஆனால் ஒரு வாரமாகக் கண்ணாடி முன்னால் அந்தப் பலகையைத் தூக்கித் தூக்கிப் பழகிக்கொண்டிருந்தாரே, அதையும் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று இருந்தது. நேராகத்தான் நின்றார். கொடி வந்தது, பேண்டு வந்தது, கூட்டத்துத் தலைகளுக்கு மேலே வால் நுனி மட்டும் தெரிந்தது. அப்போது பலகை சாய்ந்தது. எல்லாம் எங்கள் சந்துக்குள் போய்விட்டது. ஏன் சாய்க்கிறார் என்று எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. "கூப்பிடட்டுமாக்கா?" என்றாள் நர்ஸ். வேண்டாம் என்றேன். அப்புறம் ஒரு மணி நேரம் கழித்து மூன்று துண்டும் எங்களைத் தாண்டிப் போயின. தலைத் துண்டைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்கள்.

அவர் எங்கோ சுற்றிவிட்டு வருவதற்குள் என்னை மேலே ஏற்றி உட்காரவைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் "பாத்தியா?" என்றார். பார்த்தேன் என்றேன். எதை என்று அவர் கேட்கவில்லை.

நீ அவரிடம் எதையும் சொல்லிவைக்காதே. தினமும் சாயங்காலம் நான்தான் ஆரம்பிக்கிறேன். மேலேயிருந்து முதுகுதான் தெரிந்தது, வயிறு எப்படி இருந்தது என்று ஒருநாள், வாய் எப்படி இருந்தது என்று ஒருநாள். சொல்லிக்கொண்டே நடந்து காட்டுகிறார். எனக்கு இப்போது முழுத் திமிங்கலமும் நன்றாகத் தெரியும். நேற்றோடு ஐம்பத்தைந்து அடி ஆகியிருக்கிறது.