அறுப்புப் பண்டிகை ஏலத்துல நான் கை வச்ச கேக்

ரெண்டு மாசம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை. எனக்கு இருந்தது ஒரே வேலை. வீட்டுல செஞ்ச கேக்கை சர்ச்சுல கொண்டு போய்க் கொடுக்கணும்.

பொண்டாட்டி ஷீலாவுக்கு ஜலதோஷம், வர முடியல. "கேக்கைக் கொடுங்க, மதியம் அங்கயே சாப்பிடுங்க, வாங்க. வேற எதுலயும் தலையிடாதீங்க"ன்னு சொல்லித்தான் அனுப்பினா. கட்டிக்கிட்டவளுக்கு என்னைத் தெரியாதா.

அது செகந்திராபாத்துல அவங்க குடும்பம் மூணு தலைமுறையாப் போற தமிழ்ச் சர்ச். அன்னிக்கு அறுப்புப் பண்டிகை. வீட்டுல விளைஞ்சது, செஞ்சது எல்லாத்தையும் காணிக்கையாக் கொண்டு வந்து வைப்பாங்க. ஆராதனை முடிஞ்சதும் அதை ஏலம் விட்டு, வர்ற காசு சர்ச்சுக்கு. அப்புறம் எல்லாருக்கும் பிரியாணி.

நான் திருநெல்வேலிப் பக்கம். ஹைதராபாத் மாதாப்பூருக்குக் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த இடத்துல இங்க பொண்ணு எடுத்தவன். அதனால அந்த சர்ச்சுக்கே நான் மாப்பிள்ளை. உக்காந்தா ஃபேன் போடுவாங்க, எழுந்தா செருப்பை நேரா வைப்பாங்க. எது கேட்டாலும் கிடைக்கும், இனிப்பைத் தவிர.

ஏன்னா எனக்கு டைப் ஒன் டயபடீஸ்.

வந்த கதையே கேவலம். இருபத்தாறு வயசுல கிடுகிடுன்னு இளைச்சேன். ஆபீஸ்ல "எந்த ஜிம்மு பாஸ்?"னு கேட்டாங்க. நான் ஜிம் பக்கமே போனதில்ல, ஆனாலும் சும்மா சிரிச்சு வச்சேன். குடம் குடமா தண்ணி குடிச்சேன், மீட்டிங்ல பாதி நேரம் பாத்ரூம்லதான் இருந்தேன். எல்லாம் ஹைதராபாத் வெயிலுன்னு நெனச்சுக்கிட்டேன். ஒரு நாள் வாந்தி எடுத்துச் சுருண்டு விழுந்தப்பதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க.

டாக்டர் சொன்னாரு, "உங்க உடம்போட எதிர்ப்புச் சக்தியே ஆள் தெரியாம கணையத்துல இன்சுலின் சுரக்கற செல்லையெல்லாம் அழிச்சிருச்சு. இனிமே இன்சுலினை வெளியேர்ந்துதான் போட்டுக்கணும்."

"நான் இனிப்பு ஜாஸ்தி தின்னதுனாலயா டாக்டர்?"

"இல்ல. நீங்க பண்ணின தப்பு எதுவுமே இல்ல."

என்னைப் பாத்து இந்த வார்த்தையைச் சொன்ன ஒரே ஆள் அவருதான்.

இதுல ரெண்டு பக்கமும் இடி. ஊசி போடலேன்னா சுகர் ஏறும். போட்டுட்டுச் சாப்பிடலேன்னா சுகர் இறங்கும். இறங்கினா உடனே இனிப்பு உள்ள போகணும், இல்லேன்னா ஆளு மயங்கிச் சாஞ்சிருவான். இந்த ரெண்டாவது பாதியை நான் சர்ச்சுல ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. "மாப்பிள்ளைக்குச் சுகர்" வரைக்கும்தான் அவங்களுக்குத் தெரியும்.

சரி, அன்னிக்குக் கதைக்கு வர்றேன்.

கேக்கைக் கொடுத்தாச்சு. ஆராதனை முடிஞ்சுது. பின்பக்கம் பிரியாணி அண்டாகிட்ட போய், "ரெடியா?"ன்னு கேட்டேன்.

"ஹவ் மாப்பிள, ஆமா, ரெடி. அஞ்சே நிமிஷம்"னாரு அண்டாவைக் கிண்டிக்கிட்டிருந்தவரு.

ஹைதராபாத் அஞ்சு நிமிஷம் எப்படின்னு எனக்கு நல்லாவே தெரியும். தெரிஞ்சும் போய் வயித்துல ஊசியைப் போட்டுக்கிட்டேன். வாசனை அப்படி.

வெளிய வந்தா மைக்குல டேனியல் அங்கிள். லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்புல வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு. அவரு தொண்டைக்கு மைக்கே தேவையில்ல, அன்னிக்கு மைக்கும் கொடுத்துட்டாங்க. "ஏலம் முழுசா முடிஞ்சாத்தான் பாஸ்டர் சாப்பாட்டுக்கு ஜெபம் பண்ணுவாரு. ஜெபம் பண்ணாம அண்டா மூடி திறக்காது. யாரும் நைசா நழுவிராதீங்க."

எனக்கோ ஊசி ஏற்கனவே உள்ள போயாச்சு.

முதல்ல ஒரு சுரைக்காய் வந்துச்சு. ரெண்டு குடும்பத்துக்குள்ள என்ன பழைய பகையோ, ஆளுக்கு ஆள் ஏத்திக்கிட்டே போறாங்க. அந்தச் சுரைக்காய் விலைக்கு ஒரு ஆட்டையே வாங்கிரலாம். அது முடிஞ்சு நாட்டுக்கோழி. அப்புறம் கறிவேப்பிலைக் கட்டு. அதுக்கும் போட்டி.

சுகர் இறங்கினா கையில ஒட்டியிருக்கற சென்சார் போனுக்குச் சொல்லும், போன் அலறும். போன வருஷம் பிரசங்கத்துக்கு நடுவுல அலறி மானம் போனதுனால, போனை அணைச்சே வச்சிருந்தேன். குளுக்கோஸ் மாத்திரை ஆபீஸ் பையில. விருந்துக்குத்தானே போறோம், அது எதுக்குன்னு வீட்டுலயே விட்டுட்டு வந்த மகாராசன் நான்.

சட்டை தொப்பலா நனைஞ்சு போச்சு. விரல் நடுங்க ஆரம்பிச்சுது. வெளிய கடைக்குப் போலாம்னா முழங்காலு ரெண்டும் என் பேச்சைக் கேக்கல.

பக்கத்து மேசையில சண்டே ஸ்கூல் பசங்களுக்கு ஆரஞ்சு ஜூஸ். அதுக்குக் காவல் ஷீலாவோட சித்தி, ரூபி ஆன்ட்டி.

"ஆன்ட்டி, ஒரு கிளாஸ் ஜூஸ் குடுங்க."

"நக்கோ மாப்பிள, வேணாம். முழுக்கச் சக்கரை."

"சக்கரைதான் ஆன்ட்டி வேணும். எனக்கு இப்ப..." அதுக்கு மேல வார்த்தை வரல. நாக்கு குழறுது.

ரூபி ஆன்ட்டி என்னைப் பரிதாபமாப் பாத்தாங்க. "எங்க வீட்டுக்காரருக்கும் சுகர்தான். லட்டு வேணும்னா அவரும் இப்படித்தான் கையை ஆட்டி நடிப்பாரு. இருங்க, உங்களுக்குன்னே ஒண்ணு வச்சிருக்கேன்."

பாவக்கா ஜூஸ். ஒரு சொம்பு.

மாப்பிள்ளைன்னா கொடுத்ததை வேணாம்னு சொல்லக்கூடாது. ரெண்டு மடக்கு குடிச்சேன். கண்ணு இன்னும் கொஞ்சம் இருட்டிட்டு வந்துச்சு.

அந்த நேரம் பாத்து டேனியல் அங்கிள், "அடுத்தது, நம்ம ஷீலா செஞ்ச ஐசிங் கேக்"ன்னாரு.

கர்த்தரே ஒரு வழி காட்டிட்டாருன்னு நெனச்சேன். காசு கொடுத்து வாங்கிட்டா யாரு தடுக்க முடியும்? மேசையைப் பிடிச்சுக்கிட்டே முன்னால போய்க் கையைத் தூக்கினேன்.

"மாப்பிள கேக்கறாரு. ஒரு தரம்..."

"நான் அதுக்கு மேல தர்றேன்"னு பின்னாலேர்ந்து ரூபி ஆன்ட்டி குரல். திரும்பி எல்லாருக்கும் கேக்கற மாதிரி வேற, "அவருக்குச் சுகருங்க. விட்டுராதீங்க."

அவ்வளவுதான். சபையே கிளம்பிருச்சு. இந்தப் பக்கம் ஒருத்தர் ஏத்தறாரு, அந்தப் பக்கம் ஒருத்தர் ஏத்தறாரு. சுரைக்காய்க்கு அடிச்சுக்கிட்ட ரெண்டு குடும்பமும் எனக்கு எதிரா ஒண்ணு சேந்துட்டாங்க. எல்லாம் பாசம். என் உயிரைக் காப்பாத்தறாங்களாம்.

எனக்கு டேனியல் அங்கிள் ரெண்டு பேரா தெரிஞ்சாரு. ரெண்டு பேரும் "ரெண்டு தரம்"னாங்க.

இனிமே விழுந்துருவோம்னு புரிஞ்சுது. மானமா உயிரான்னு யோசிக்கக்கூட சுகர் இல்ல.

கேக்குல கையை விட்டேன்.

மேல இருந்த ஐசிங்கை அப்படியே வழிச்சு வாய்க்குள்ள தள்ளினேன். இன்னொரு தடவை. மூக்கு, மீசையெல்லாம் கிரீமு. பாஸ்டர் வேதாகமத்தைக் கையில பிடிச்சுக்கிட்டுச் சிலையா நிக்கறாரு.

டேனியல் அங்கிள் மட்டும் அசரல. "கை வச்சவருக்கே கேக். மூணு தரம்"னு மேசையைத் தட்டிட்டாரு.

அப்படியே தரையில உக்காந்தேன். கொஞ்ச நேரத்துல தலை தெளிஞ்சதும் நாக்கு பழையபடி பேச ஆரம்பிச்சுது. ஊசி, பசி, மயக்கம், இனிப்புதான் அதுக்கு மருந்துன்னு எல்லாத்தையும் சொன்னேன். ரூபி ஆன்ட்டிக்கு முகம் வெளுத்துப் போச்சு. பக்கத்துல உக்காந்து முந்தானையால என் மீசையைத் துடைச்சுவிட்டு அழுதாங்க. "எங்க பொண்ணோட தாலியில நானே கை வைக்கப் பாத்தேனே மாப்பிள. இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

அவங்க மேல என்ன தப்பு? எட்டு வருஷமா அந்த பெஞ்சுல உக்காந்துக்கிட்டு, சொல்லக் கூச்சப்பட்டது நான்தான்.

ரூபி ஆன்ட்டி அதோட விடல. எந்திரிச்சு மைக்கை வாங்கி, "மாப்பிளைக்கு வேர்த்தாலோ, கை நடுங்கினாலோ, கண்ணு சொருகினாலோ உடனே வாயில இனிப்பு வைக்கணும்"னு சபை முழுக்க அறிவிச்சுட்டாங்க. எல்லாரும் ஆமென் சொன்னாங்க.

போன ஞாயிறு பிரசங்கம் கொஞ்சம் நீளம். லேசா கண் அசந்துட்டேன். முழிச்சப்ப வாயில முழு ஜிலேபி இருந்துச்சு, முன்னாடி பெஞ்சு, பின்னாடி பெஞ்சுலேர்ந்து இன்னும் நாலு பேர் ஆளுக்கொண்ணு கையில வச்சுக்கிட்டு வரிசையில நின்னாங்க.

இப்பல்லாம் நான் பிரசங்கத்துல தூங்கறதே இல்ல.