யாரும் போகாத நாடு

மகளை வெளிநாட்டுக்கு அனுப்புவதில்லை என்று அன்று காலை பல் விளக்கும்போதே சபதம் எடுத்தேன். வாய் நிறைய நுரை. யாருக்கும் கேட்கவில்லை. அதனால்தான் அவ்வளவு துணிச்சல்.

நான் ஒரு கல்லூரியில் வெளிநாட்டுப் படிப்புப் பிரிவு அதிகாரி. அடுத்த வீட்டுப் பிள்ளைகளை ஆறு மாதம் அக்கரைக்கு அனுப்பும் உத்தியோகம். அங்கேயே படிக்கும் சொந்த மகளைப் பிரிவதென்றால் மட்டும் மனசு வரவில்லை. என்ன செய்ய? என் ஜோக்குக்குச் சிரிக்கும் ஒரே ஜீவன் அவள்தான்.

மனைவி அதே கல்லூரியில் பெண்கள் விடுதி வார்டன். முந்நூறு பெண்களை மேய்க்கிறவளுக்கு நான் எம்மாத்திரம்? மகளை அனுப்பியே தீருவதென்று நிற்கிறாள். நேராக மறுத்தால் நடக்காது. தந்திரம் செய்தேன்.

"தாராளமா போகட்டும். ஆனா நம்ம காலேஜ்லருந்து யாருமே போகாத நாட்டுக்குத்தான் போகணும்."

"அது எதுங்க?"

"வடக்கே ஒரு பனி நாடு. பத்து வருஷமா ஒரு விண்ணப்பம்கூட வரல."

"ஏனாம்?"

அனுபவத்தையெல்லாம் கொட்டினேன். "புள்ளைங்க படிப்பைப் பார்த்தா போறாங்க? கடல் இருக்கா, வெயில் இருக்கா, முக்கியமா சிநேகிதி வர்றாளா, அதான் கணக்கு. ஒருத்தி பேர் கொடுத்தா பின்னாடியே ஒரு கூட்டம் கொடுக்கும். அந்த முதல் ஆள்தான் கிடைக்காது."

"அடேயப்பா! எவ்வளவு விஷயம் தெரிஞ்சு வச்சிருக்கீங்க!"

கல்யாணமானதிலிருந்து அவள் என்னைப் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. உஷாராகியிருக்க வேண்டும். உருகிவிட்டேன்.

மகள் தோழியில்லாமல் தெருமுனைக் கடைக்குக்கூடப் போகமாட்டாள். நிம்மதியாக இருந்தேன், திங்கட்கிழமை வரை.

அன்று என் மேசை முன்னால் வரிசை.

"சார், பனி நாடு."

"எனக்கும் சார்."

"யாரும்மா உங்களுக்கு இதைச் சொன்னது?"

"வார்டன் மேடம். உங்க பொண்ணு பேர் கொடுத்துட்டாளாமே!"

வரிசையின் கடைசியில் மகள். ஓடிப்போய்ப் பிடித்தேன். "நீதான் முதல்ல பேர் கொடுத்தியா?"

"இல்லப்பா. இவங்க எல்லாரும் கொடுத்துட்டாங்கன்னு அம்மா சொன்னாங்க. அதான் நானும் வந்தேன்."

முதல்வரே இறங்கி வந்து என் கையைக் குலுக்கினார். "ஒருத்தரும் எட்டிப் பார்க்காத நாட்டுக்குப் பன்னிரண்டு பொண்ணுங்க! சாதனை சார்! துணைக்குக் காலேஜ் செலவுல ஒரு ஆளையும் அனுப்பிடுவோம்."

பிரிவுக்கு அதிகாரி வேறு யார்? மகளோடு ஆறு மாதம்! கால் தரையில் பாவவில்லை. மாலையே கடைக்கு ஓடி, தடித்த கம்பளிக் கோட்டு ஒன்று வாங்கினேன். வீட்டில் கண்ணாடி முன் நின்று, கரடி மாதிரி இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மனைவி வந்தாள்.

"கோட்டு பிரமாதங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எது?"

"எல்லாம் பொண்ணுங்களாச்சே, துணைக்கு வார்டன்தான் போகணும்னு முதல்வர் மத்தியானமே ஆர்டர் போட்டுட்டார்."

சொல்லிக்கொண்டே கோட்டை என் தோளிலிருந்து உருவித் தான் மாட்டிக்கொண்டாள்.

"கைதான் கொஞ்சம் நீளம். பரவாயில்ல, மடிச்சு விட்டுக்கறேன்."