எட்டை அமுக்கினால் கூரை ஒழுகும்

எதையும் நோண்டிப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. ("கைய வச்சிக்கிட்டு சும்மா இருக்க மாட்டா" என்பது அம்மாவின் சான்றிதழ்.) அந்தக் குணத்தால் கைக்கு வரவிருந்த ஒரு வேலையே போனது.

அப்போது அக்கரப்பத்தனையில் போனும் போட்டோகாப்பியும் நடக்கும் ஒரு கொமினிகேஷன் கடையில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். தேயிலைத் தோட்டத்து ஆட்கள் சொல்லச் சொல்ல, தோட்ட நிர்வாகத்துக்கு மனு அடித்துக் கொடுக்க வேண்டும். ஆள்தான் மாறும், வசனம் மாறாது. ஒருநாள் சும்மா இருக்க முடியாமல், கணினியில் இன்னொரு பழைய கீபோர்டையும் செருகிப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே மாதிரித்தான் எழுத்து விழுந்தது. எது எங்கிருந்து வருகிறது என்று கணினிக்குக் கவலையே இல்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. தேடித் தேடி, இரண்டையும் பிரித்து அடையாளம் காணும் ஒரு டிரைவர் மென்பொருளைப் பிடித்தேன். இரண்டாவது கீபோர்டின் ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு முழு வசனத்தையே கொடுக்கலாமாம்! அன்றைக்குச் சோறே இறங்கவில்லை.

ஐந்தை அமுக்கினால், "தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்." ஏழுக்கு, "எமது பசு கன்று ஈன்றுள்ளதால் ஒருநாள் விடுமுறை தேவை." எட்டுக்கு, "எமது வீட்டுக் கூரை ஒழுகுவதால் பெரும் சிரமப்படுகிறோம்." (எட்டுதான் சீக்கிரம் தேய்ந்தது.)

அந்த நேரத்தில்தான் நுவரெலியாவில் ஓர் அலுவலக வேலைக்கு வீடியோவில் நேர்முகத் தேர்வு வந்தது. மாதச் சம்பளம், சொந்த மேசை, தலைக்கு மேல் ஒழுகாத கூரை. அந்த வேலைக்காக நான் ஏங்கினேன். என் திரையை அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, பத்து நிமிடத்தில் ஒரு கடிதம் அடிக்க வேண்டும். நானோ இரண்டு கீபோர்டோடும் உட்கார்ந்து, இரண்டே நிமிடத்தில் முடித்து அசத்தத் திட்டமிட்டேன். (இது ஏமாற்று இல்லை, தொழில்நுட்பம் என்று எனக்கு நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.)

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் வீட்டில் சிக்னல் கிடைப்பது ஒரே ஒரு மூலையில். கூரை ஒழுகுவதும் அதே மூலையில்தான். முதலாளியிடம் இரவல் வாங்கிய லாப்டாப்பை அங்கே வைத்து, பழைய கீபோர்டையும் அதில் செருகி பக்கத்தில் வைத்தேன். கூட்டத்துக்கு அழைக்கும் கடிதம் ஒன்றை அடிக்கச் சொன்னார்கள். "எதிர்வரும் கூட்டத்துக்குத் தங்களை" என்று அடிக்கும்போது மழை பிடித்தது.

"அடியே, கம்ப்யூட்டரு நனையுதுடி!" என்று கிசுகிசுத்தபடி அம்மா தண்ணீர் பிடிக்கும் பிளாஸ்டிக் பேசினோடு ஓடி வந்தார். சொட்டு விழும் இடத்தில் ஒரு பலகை சும்மா கிடப்பதாக நினைத்து, அதன்மேல் பேசினை வைத்துவிட்டார். அது என் இரண்டாவது கீபோர்டு. பேசினின் விளிம்பு சரியாக எட்டின்மேல் உட்கார்ந்தது.

எமது வீட்டுக் கூரை ஒழுகுவதால் பெரும் சிரமப்படுகிறோம். எமது வீட்டுக் கூரை ஒழுகுவதால் பெரும் சிரமப்படுகிறோம். திரை நிறைந்து அடுத்த பக்கத்துக்கும் போனது. பதறிப்போய்ப் பேசினை இழுத்தேன். அது ஏழின்மேல் ஏறியது. இப்போது வரிசையாகப் பசு கன்று ஈன்றது.

தேர்வு நடத்திய மூன்று முகங்களும் திரையில் முன்னால் குனிந்து வரி வரியாகப் படித்தன. நடுவில் இருந்த யாழ்ப்பாணத்து அம்மையார்தான் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டார்: "பிள்ளை, கொஞ்சம் நில்லும். உங்கட வீட்டுக் கூரை உண்மையாவே ஒழுகுதோ?"

"இல்ல மேடம், அது சும்மா ஒரு சாம்பிள் வசனம்..." என்று நான் இழுப்பதற்குள் அம்மா கேமராவுக்குள் தலையை நீட்டினார். "என்னாடி இல்லங்குற? ஆமாங்க மேடம், ரொம்ப ஒழுகுது. இந்தா பாருங்க!" என்று பேசினைச் சாய்த்துக் காட்டினார். பாதித் தண்ணீர் என் மடியில்.

வேலை வேறு யாருக்கோ போனது. கூரை இன்றும் ஒழுகுகிறது. மழை தொடங்கினால், "எட்ட அமுக்கட்டுமா?" என்று கேட்டுக்கொண்டுதான் அம்மா பேசினை எடுப்பார். உங்களால்தான் என் வேலை போச்சு என்று நான் சண்டைக்குப் போனால், அவரிடம் ஒரே பதில்தான்:

"போடி. இருவது வருசமா கடுதாசி குடுக்குறோம், எவனாவது படிச்சானா? அன்னிக்குத்தான் மூணு ஆபீசருங்க ஒக்காந்து மொத்தமும் படிச்சாங்க."