ஏன் வச்சேன்னு

இல்லை, நான் வைக்கவில்லை.

அன்புள்ள சித்திக்கு,

வணக்கத்தை முதலில் எழுதியிருக்க வேண்டும். பதில் முந்திக்கொண்டது. நீங்களும் சித்தப்பாவும் சுகமாக இருப்பீர்கள், உங்கள் முட்டி வலி கொஞ்சம் தணிந்திருக்கும், புது வீட்டில் தண்ணீர் ஒழுங்காக வரும் என்றெல்லாம் நம்புகிறேன். இங்கே நானும் அம்மாவும் நலம் என்று எழுதுவதுதான் முறை. நான் நலம். அம்மாவைப் பற்றிப் பிறகு.

நேற்று நான் கூப்பிட்டபோது சித்தப்பா எடுத்தார். போனைக் கையால் பொத்திக்கொண்டு உங்களிடம் ஏதோ கேட்டார். திரும்பி வந்து, "ஏன் வச்சேன்னு யோசிச்சுப் பாக்கச் சொல்றாம்மா உங்க சித்தி. எனக்கு ஒன்னும் புரியல. நடுவுல நான் யாரு, போஸ்ட்மேனா?" என்றார். பிறகு அவரும் வைத்துவிட்டார்.

யோசித்துப் பார்த்தேன். நான் வைக்கவில்லை சித்தி. வைத்தது இயந்திரம். வைக்கச் சொல்லி அதற்குக் கற்றுக்கொடுத்தது நான். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்று நினைக்கிறேன். அம்மா இல்லை என்கிறாள்.

நான் போகிற இடத்தின் பெயர் ஹேக்கர்ஸ்பேஸ். முதல்முறை சொன்னபோது நீங்கள், "எத்தன ஏக்கர்டி?" என்று கேட்டீர்கள். ஹேக்கர் என்றால் பாங்கில் திருடுகிறவன் என்று பேப்பரில் படித்த அம்மா, "திருடற எடத்துக்கு எதுக்குடி நீ?" என்று கேட்டாள். நாங்கள் எதையும் திருடுவதில்லை. ஏக்கரும் இல்லை. ஷட்டர் போட்ட பழைய குடோன். முன்னறையில் மேசைகள், கம்ப்யூட்டர்கள். நடுவறையில் சால்டரிங். பின்னறையில் மரவேலை. கருவிகள் எல்லோருக்கும் பொது. யார் வேண்டுமானாலும் வந்து எதை வேண்டுமானாலும் செய்யலாம், கழற்றலாம், திரும்பப் பூட்டத் தெரியாமல் விட்டுவிட்டுப் போகலாம். நாங்கள் அதைப் பட்டறை என்றுதான் சொல்கிறோம்.

பின்னறையில் ரம்பம் ஓடினால் வாசலில் நிற்பவர் கத்துவது உள்ளே கேட்காது. உள்ளே கத்துவது வாசலுக்குக் கேட்காது. அறைக்கு ஒரு போன் வைக்கலாம் என்று நான்தான் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம்.

மூடிப்போன ஒரு ஹோட்டலின் அறைப் போன்கள் கிடைத்தன, ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன டப்பாவை மாட்டினால் பேச்சு டெலிபோன் கம்பியில் போகாமல் இன்டர்நெட்டில் போகும், அதாவது நாம் பேசுவதைத் துண்டு துண்டாக நறுக்கி அனுப்பி மறுமுனையில் திரும்ப ஒட்டும், சோப்புப் பெட்டி அளவில் ஒரு கம்ப்யூட்டர் நடுவில் உட்கார்ந்து யாரை யாரோடு சேர்ப்பது என்று முடிவு செய்யும், கேட்பதற்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள், ஆனால் முதல் நாள் ஒட்டிய துண்டுகள் வரிசை மாறி வந்து எங்கள் கணக்கு டீச்சர் (அவர்தான் பட்டறையின் தலைவி) "ஹலோ" என்றால் பின்னறையில் "லோஹ" என்று கேட்டது, அதைச் சரிசெய்தால் எதிரொலி வந்தது, வெல்டர் அண்ணன் தன் குரலையே கேட்டுவிட்டு "யாரோ என்ன மாதிரியே பேசறான், மரியாதை இல்லாம" என்று சண்டைக்குப் போனார், ஹோட்டல் போனில் 'ரூம் சர்வீஸ்' என்று ஒரு பட்டன் இருந்தது, யார் அழுத்தினாலும் அது ஏனோ அவருக்குத்தான் போனது, எங்களுக்குக் கிடைத்த வெளி நம்பர் முன்னால் ஒரு பல் டாக்டரிடம் இருந்தது போல, பல்வலிக்காரர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், கணக்கு டீச்சரும் சளைக்காமல் "உப்புத் தண்ணியில கொப்புளிங்க, நாளைக்குப் பாக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

எல்லாவற்றையும்விடப் பெரியது ஒருபக்கக் கோளாறு. நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்கும். அவர்கள் பேசுவது நமக்குக் கேட்காது. "நம்ம வீட்ல அது போன் இல்லாமலே இருக்கே" என்றாள் அம்மா. அதையும் சரிசெய்தேன். லைன் கண்ணாடி மாதிரி ஆனது. மறுமுனையில் குண்டூசி விழுந்தாலும் கேட்கும். வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்து முடித்த வேலை அது ஒன்றுதான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

வெளி லைன் ஒன்றே ஒன்று. ஒருவர் பிடித்தால் மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். பிடித்தவர் விடுவதில்லை. ஒரு கூட்டத்தில் கணக்கு டீச்சர் சொன்னார்: "எல்லாரும் 'சரி, வச்சிடறேன்'னு சொல்றீங்க. யாராவது வைக்கிறீங்களா? சொல்லிட்டு அரை மணி நேரம் பேசறீங்க. சொன்னா வைக்கணும்ப்பா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கல்லூரியில் படித்ததை நினைத்துக்கொண்டேன். சில சொற்கள் எதையும் தெரிவிப்பதில்லை, அவையே செயல்கள். 'வாக்குக் கொடுக்கிறேன்' என்றால் வாக்குக் கொடுத்தாகிவிட்டது. பரீட்சையில் அழகாக எழுதியிருந்தேன். 'வச்சிடறேன்' அப்படிப்பட்ட சொல் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியிருக்கக் கூடாது.

தனியாக இன்னொரு டப்பா செய்தேன். காது என்று பெயர் வைத்தோம். யாராவது 'வச்சிடறேன்' என்றால் காது கேட்டுக்கொள்ளும், லைனைத் துண்டித்துவிடும். பழக்குவதற்காக எல்லோரும் வரிசையில் நின்று அதனிடம் சொன்னார்கள். வச்சிடறேன். வச்சிரட்டா. சரி அப்ப வைக்கிறேன். வெல்டர் அண்ணன் மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, இதுவரை நாங்கள் அவரிடம் கேட்காத ஒரு குரலில், "வச்சிடறேன்மா" என்றார். எல்லோரும் மேசையைப் பார்த்தோம்.

நம் குடும்பத்தில் பிறந்தவள் இதைச் செய்திருக்கவே கூடாது சித்தி. நம் வீட்டில் 'வச்சிடறேன்' என்பது முடிவா? அது ஆரம்பம். அதற்கு முன் வெயில், தண்ணீர், முட்டி வலி. அதற்குப் பின்தான் விஷயம். அப்பாவுக்கு ஆபரேஷன் என்பது 'வச்சிடறேனு'க்குப் பிறகு வந்தது. மாமாவுக்குப் பெண் பிடித்திருக்கிறது என்பதும். நான் முதல் வேலையை விட்டதை நானே அப்படித்தான் சொன்னேன். "சரிம்மா, வச்சிடறேன். ஆ, ஒன்னு சொல்ல மறந்துட்டேன்." மறக்கவில்லை. யாரும் எதையும் மறந்ததில்லை. அந்த ஒரு சொல்லின் நிழலில் நின்றுகொண்டுதான் நமக்கு வாய் வரும்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் காது செய்தேன்.

நீங்கள் கூப்பிட்டது நல்ல பகல் வேளை. அம்மா அப்போது பட்டறையில் இல்லை. கடைக்குப் போயிருந்தாள். நான் மறந்துவிட்டு வந்த குடையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு (மேகமே இல்லை, திருட்டு நடக்கிறதா என்று பார்க்க வந்திருப்பாள்) கடைக்குப் போயிருந்தாள். அந்த நேரம் அவள் அங்கே இல்லை.

"நான்தான்டி. இது அந்த ஏக்கர் ஆபீஸ்தானே?"

"ஆமா சித்தி. சொல்லுங்க."

"வீட்டுக்குப் போட்டேன். அடிச்சுக்கிட்டே இருக்கு, யாரும் எடுக்கல. அக்கா உன் பக்கத்துல இருக்காளா?"

"இல்ல சித்தி. கடைக்குப் போயிருக்காங்க."

நீங்கள் வீட்டுக்குப் போட்டேன் என்றீர்கள். வீடு மாறுவதை நீங்கள் அம்மாவிடம் சொல்லவில்லை. தெரியாமல் அவள் உங்கள் பழைய வீட்டுக் கதவைப் போய்த் தட்டினாள். முகம் தெரியாத ஒருவர் திறந்து "யார் வேணும்?" என்று கேட்டார். அன்றிலிருந்து அவள் பேசவில்லை. "சொல்லாமப் போனவ தானா வந்து சொல்லட்டும்" என்கிறாள் அவள். "கேக்காதவகிட்ட என்னத்தச் சொல்றது" என்கிறீர்கள் நீங்கள். இத்தனைக்கும் பிறகு நீங்கள்தான் அவளுக்குப் போட்டிருக்கிறீர்கள்.

பிறகு வெயிலைச் சொன்னீர்கள். முட்டியைச் சொன்னீர்கள். சித்தப்பாவின் குறட்டைக்குப் புது வீட்டுச் சுவர்கள் தாங்காது என்றீர்கள். நடுவில் ஒரு தும்மல் கேட்டிருந்தாலும் கேட்டிருக்கும். அது கணக்கு டீச்சர். பட்டறையில் மரத்தூள் அதிகம். பிறகு நீங்கள், "சரி, வச்சிடறேன்" என்றீர்கள்.

இனிமேல்தான் விஷயம்.

லைன் செத்துவிட்டது.

திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். நீங்கள் எடுக்கவில்லை. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"கட்டாச்சா, கட் பண்ணாளா?"

"கட்டாச்சும்மா. என் மெஷின்தான்."

"அப்புறம் என்ன சொல்ல வந்திருப்பா?"

இதையேதான் இப்போதும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். சட்டியைத் துலக்கும்போது கேட்கிறாள். துணி மடிக்கும்போது கேட்கிறாள். வீட்டுப் போன் அடித்தால் ஓடி வந்து, எடுக்காமல், பக்கத்தில் நின்று அதையே பார்க்கிறாள். கடையில் கேட்டதைக் கொடுக்காமல் வேறு எதையோ கொடுத்தால்கூடச் சண்டை போடாமல் வாங்கி வருகிறாள். நான் சொன்னேனே, அம்மாவைப் பற்றிப் பிறகு என்று. இதுதான்.

சித்தி, குற்றம் இயந்திரத்துடையது. அதற்குச் சொல் தெரியும், நம்மைத் தெரியாது. அதைச் செய்த என்னைத் திட்டுங்கள். அம்மாமேல் கோபம் வேண்டாம். நாளை பட்டறைக்குப் போய் முதல் வேலையாகக் காதைக் கழற்றிவிடுகிறேன். இனி நீங்கள் 'வச்சிடறேன்' என்று எத்தனை முறை சொன்னாலும் லைன் நிற்கும். அந்த மிச்சத்தை மட்டும் சொல்லுங்கள். போனில் வேண்டாம் என்றால் எழுதுங்கள். ஒரு வரி போதும். சித்தப்பாவையே போஸ்ட்மேனாக அனுப்பினாலும் சரி.

அவருக்கு என் வணக்கம். அவர் குறட்டைக்கும் புதுச் சுவர்களுக்கும் நல்லபடி ஒத்துப்போகட்டும். உங்கள் முட்டியை நான் தனியாக விசாரித்ததாகச் சொல்லவும். என்னை ஆசீர்வதிப்பது உங்களுக்கு வழக்கம். இந்தமுறை கோபம் தீர்ந்த பிறகு செய்தால் போதும்.

என்றும் உங்கள்,
அக்கா மகள்

பின்குறிப்பு: உறையைப் பிரித்துவிட்டு எழுதுகிறேன். எழுத்து ஆடுவதற்குக் காரணம் பஸ்.

தபால் பெட்டிக்குப் போகிற வழியில் பட்டறைக்குப் போனேன். காதைக் கழற்ற வேண்டும் என்றேன். வெல்டர் அண்ணன் தலையைச் சொறிந்தார்.

"அதையா? அதோட ஒயரைப் பிடுங்கி ரொம்ப நாளாச்சே."

"யாரு?"

"நான்தான். என் சம்சாரம் 'சரி, வச்சிடறேன்'னு சொல்லிட்டுத்தான் திட்டவே ஆரம்பிப்பா. பாதியில கட்டாயிடுதா, வீட்டுக்குப் போனா முதல்ல இருந்து ஆரம்பிக்கிறா. தாங்க முடியல."

"எங்க சித்தி பேசுனாங்களே, அன்னைக்கு?"

"அதுக்கு ரொம்ப முன்னாடியே. நீ ஆசையா செஞ்சது. மனசு நோகுமேன்னு சொல்லல."

போனை எடுத்து, தும்மினவர் என்று நான் எழுதியிருந்த கணக்கு டீச்சரின் வீட்டுக்குப் போட்டேன். 'வச்சிடறேன்' என்றேன். கெஞ்சிச் சொன்னேன். அதட்டிச் சொன்னேன். லைன் உயிரோடு இருந்தது. "வையேம்மா, அடுப்புல வேலை இருக்கு" என்றார் அவர்.

அப்போதுதான் சித்தப்பா சொன்னது மறுபடி காதில் விழுந்தது. ஏன் வச்சேன்னு யோசிச்சுப் பாரு. 'நீ ஏன் வச்சே' என்று நான் எடுத்துக்கொண்டேன். 'நான் ஏன் வச்சேன்' என்று நீங்கள் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். காதுக்கு இரண்டும் ஒன்றுதான். இத்தனை பக்கங்களையும் நான் தவறான 'ன்'னுக்குப் பதிலாக எழுதியிருக்கிறேன்.

தும்மியது கணக்கு டீச்சர் இல்லை.

அம்மா கடைக்குப் போகவில்லை. என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். நீங்கள் கேட்டதும் இரண்டு கைகளையும், தலையையும், குடையையும் ஆட்டினாள். நான் 'இல்ல' என்றேன். பிறகு அவளே கிட்ட வந்து, உங்கள் குரல் கேட்கிற தூரத்தில் காதை வைத்துக்கொண்டாள். அப்போதுதான் தும்மல். சமயத்தில் போனைப் பொத்திவிட்டேன் என்று நினைத்திருந்தேன். குண்டூசி விழுந்தாலும் கேட்கிற லைன். சின்ன வயதிலிருந்து ஒரே அறையில் படுத்துத் தூங்கிய உங்களுக்கு அந்தத் தும்மலைத் தெரியாதா? 'கட்டாச்சா, கட் பண்ணாளா' என்று அவள் கேட்டதும் வீட்டில் இல்லை. அங்கேயே, அந்தச் செத்த போனை என் கையிலிருந்து வாங்கிக் காதில் வைத்துக்கொண்டுதான்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "கேட்டுட்டாளா?" என்றாள். உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். குடையை எடுத்துக்கொண்டாள். மேகம் இன்றும் இல்லை.

வழியெல்லாம், "கதவ வேற யாராவது தொறந்தா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

மிச்சத்தை உங்கள் கதவின் மேல் தாளை வைத்து எழுதுகிறேன். அம்மா எனக்குப் பின்னால் நிற்கிறாள். மணியை அடித்துவிட்டேன்.