ரோடு பொது, மாமன் பொதுவா?

“ரோடு பொது. நான் ரோட்ட வீடியோ புடிச்சேன், அதுல நீ ஆடிகினு வந்த. இதுல என் தப்பு இன்னா கீது?” என்றான் செங்குட்டுவன், பைக்கை விட்டு இறங்காமலே.

“ரோடு பொதுதான். எங்க மாமன் பொணமும் பொதுவா?” என்றாள் எழில்மொழி.

தாய்மாமன் சுப்பராயனை வியாசர்பாடியிலிருந்து மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போனபோது, மேளம் அடித்த அடியில் அவள் ஆடிவிட்டாள். அழுதுகொண்டேதான் ஆடினாள். அதை வீடியோ எடுத்த செங்குட்டுவன் அழுகையை வெட்டி எறிந்தான். ஆட்டத்துக்கு ஒரு கல்யாணப் பாட்டைப் போட்டான். ‘மாமா அவுட்டு, பொண்ணு ஹாப்பி’ என்று பெயர் வைத்துத் தன் சேனலில் ஏற்றினான்.

பள்ளிக்கூடமே பார்த்துவிட்டது. அம்மா மட்டும் பார்க்கவில்லை. தன் தம்பி போனதிலிருந்து சோறு இறங்காமல் படுத்திருக்கும் அம்மா இதைப் பார்த்தால் என்ன ஆவாள்?

“அழிடா!”

“சட்டம் தெர்யுமா ஒனக்கு? போய்ப் படி.”

பைக் போய்விட்டது. முக்கு டீக்கடையிலிருந்து கமால் பாய் கூப்பிட்டார்.

“இன்னா கண்ணு, பேஜாரா கீற? அவன் அழிக்க மாட்டான். மூஞ்ச மட்டும் மறைக்கச் சொல்லு. நான் பேசறேன்.”

பேசினார். செங்குட்டுவனும் மறைத்தான். ஊர்வலத்தில் வந்த அத்தனை பேரையும் விட்டுவிட்டு, எழில் முகத்தில் மட்டும் ஒரு பூசணிக்காயை ஒட்டினான்.

அதுவரை சும்மா பார்த்தவர்களெல்லாம் ‘யார் அந்தப் பூசணி?’ என்று கேட்க ஆரம்பித்தார்கள். சாயங்காலத்துக்குள் எதிர்வீட்டுக்காரி பதில் போட்டிருந்தாள்: ‘எங்க எதிர் வூட்டு எழிலுதான். அந்த நீல சுடிதாரு எனக்குத் தெர்யாதா?’

“போச்சு பாய், எல்லாம் போச்சு!” எழில் கண்ணைத் துடைத்தாள்.

“இன்னாத்துக்கு அழுவுற? அவனும் ரோட்லதான சுத்தறான்? நீயும் புடி.”

பிடித்தாள். அவன் மூக்கு நோண்டுவதை, பாலத்துக்கு அடியில் சுவரோரம் ஒதுங்கியதை, பஜ்ஜி தின்ற கையை யாரோ காயப்போட்ட புடவையில் துடைத்ததை, எல்லாவற்றையும் பிடித்துப் போட்டாள். புடவைக்காரி துடைப்பத்தோடு அவன் வீட்டுக்கே போனாள்.

எழில் சிரித்து முடிப்பதற்குள், கீழே ஒருவன் எழுதினான்: ‘இத்த எடுத்தது அந்தப் பூசணி தான?’ பழைய வீடியோவைத் தேடிப் பிடித்து மறுபடி ஊரெல்லாம் சுற்றவிட்டார்கள்.

“ரெண்டு பேரும் நாறிகினு கீறீங்க. ஞாயித்துக்கெழம கடைக்கு வாங்க, நான் பைசல் பண்றேன்” என்றார் கமால் பாய்.

வந்தார்கள்.

“நான் ஒண்ணுக்குப் போறதப் போடுவியா நீ? அசிங்கமா இல்ல?”

“ரோட்லதானடா போன? ரோடு பொதுன்னியே!”

“அதுக்குன்னு? மன்சனுக்கு ஒரு மானம் கீதுல்ல?”

“செத்துப்போன மன்சனுக்கு இல்லியா? எங்கம்மா இத்தப் பாத்தா செத்துடும்டா! கொன்னுட்டு லைக் எண்ணுவியா?”

செங்குட்டுவன் குனிந்துகொண்டான்.

“எங்கம்மாவும் நீ போட்ட வீடியோவப் பாத்துட்டு எங்கூடப் பேசறதில்ல” என்றான் மெதுவாக.

“செரி, அழிங்க ரெண்டு பேரும். கை குடுத்துக்கோங்க” என்றார் கமால் பாய்.

அழித்தார்கள். ஒருவர் போனை ஒருவர் வாங்கிச் சரிபார்த்தார்கள். முறைத்துக்கொண்டே கை கொடுத்தார்கள்.

எழிலுக்கு மூச்சு சீராக வந்தது. அம்மா பார்க்கவில்லை. இனிமேல் பார்க்கவும் முடியாது.

கமால் பாய் பாய்லருக்குப் பக்கத்திலிருந்து போனும் கையுமாகத் தலையை நீட்டினார்.

“கண்ணு, இன்னோர் வாட்டி கை குடுங்க. லைவ்ல நெட்டு கட்டாயிடிச்சி, உங்கம்மாகூட ‘அப்பறம் இன்னா ஆச்சி பாய்’னு கேட்டுகினு கீது.”