பாவு வண்டியார் மறுத்த ஒரே ஆசை

பள்ளிபாளையத்தில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி கருவுற்றால், அச்செய்தியை முதலில் அறிபவர் அவளுடைய கணவர் அல்லர், பாவு வண்டியார்தாம். நூல் சுற்றிய பாவு உருளைகளைச் சிறிய சரக்கு ஆட்டோவில் ஏற்றி விசைத்தறிக் கூடங்களுக்குக் கொண்டு சேர்ப்பது அவர் தொழில். இயற்பெயரை அவருடைய குடும்ப அட்டையில் மட்டுமே காண இயலும். எவளேனும் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டால் போதும். மறுநாள் அவள் வாசலில் அவர் வண்டியின் ஆரன் ஒலிக்கும்; அவள் ஆசைப்படும் தின்பண்டம் வந்து இறங்கும்.

ஒருமுறை புதிதாக மணமான பெண்ணிடம் ஒரு பை புளியம்பிஞ்சை நீட்டிவிட்டார். அவளோ மாமியாரிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

"ஏனுங்க, எங்க ஊட்டுச் சேதிய எங்களுக்கே வந்து சொல்றீங்களா?" என்று மாமியார் பாய்ந்தார்.

"நான் எங்கீங்க சொன்னேன்? புளியம்பிஞ்சுதானுங்களே குடுத்தேன்!"

இன்னொரு நாள், இரண்டு தெரு தள்ளி இறங்க வேண்டிய பாவு நண்பகல் வரை வந்து சேரவில்லை. தறி முதலாளி கைப்பேசியில் கத்தினார்.

"பாவு எங்கய்யா?"

"சேலத்துல இருக்குதுங்க."

"பாவுக்குச் சேலத்துல என்ன வேல?"

"பாவுக்கு ஒண்ணுமில்லீங்க. ஒரு புள்ள தட்டுவடை செட்டு கேட்டுதுங்க."

ஊறிப்போய்விடக் கூடாது என்று வடை, சட்னி, துருவிய பீட்ரூட் எல்லாவற்றையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி வந்து, பாவு உருளையின்மீதே செய்தித்தாள் விரித்து அடுக்கிக் கொடுத்தார்.

இந்த ஓட்டத்துக்கு ஓர் அச்சம் காரணமாயிருந்தது. கருவுற்றவள் ஆசைப்பட்டது கிடைக்காவிட்டால் பிறக்கும் குழந்தைக்குக் காதில் சீழ் வடியும் என்பது இப்பக்கத்து நம்பிக்கை. அவருடைய மூத்த மகனுக்குச் சிறுவயதில் சீழ் வடிந்து ஒரு காது மந்தமாகிவிட்டது. அவர் மனைவி இன்றும் அதை என்னிடம் சொல்லிக்காட்டாமல் விடுவதில்லை.

"பலாச்சொளை வேணும்னு மூணு நாளு கேட்டேன் அம்மிணி. இந்த மனுசன் மூணு நாளும் வெறுங்கைய வீசிட்டு வந்தாரு. பாவம், எம் பையன் காது போச்சு."

அப்போதெல்லாம் பாவு வண்டியார் தலையைக் குனிந்துகொள்வார்.

சமூகப்பணியில் பட்டம் பெற்றுத் தாய்மார் கூட்டங்கள் நடத்தும் நான், அந்நம்பிக்கையை மறுத்துப் பேசக் கடமைப்பட்டவள். ஆயினும் விளைவை எண்ணித் தயங்கினேன். அவர் அச்சத்தின் பயனாகத் தெருவில் எத்தனையோ பெண்கள் பழம் உண்டார்கள். அச்சத்தைப் போக்கினால் பழமும் நின்றுவிடாதா? வாய்மூடி இருந்தேன். அது தவறு என்பதைத் தறி ஓட்டும் செல்வி உணர்த்தினாள்.

ஏழு மாதக் கர்ப்பிணியான செல்விக்குச் சிலேட்டுக் குச்சிமேல் ஆசை. பாவு வண்டியார் பெட்டி பெட்டியாக வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். இரத்தச்சோகை உள்ளவர்களுக்கு இத்தகைய ஆசை எழுவதுண்டு. பரிசோதித்த செவிலியரும், இரத்தத்தின் அளவு உயராவிட்டால் பிரசவத்தில் தாயின் உயிருக்கே ஆபத்து என்று எச்சரித்தார். உடனே வண்டியை மறித்தேன்.

"அண்ணா, செல்விக்கு இனிமே குச்சி வாங்கித் தராதீங்க. அவளுக்கு ரத்தமே இல்லை."

அவர் எஞ்சினையே நிறுத்திவிட்டார். "கேட்டத இல்லீன்னு சொல்லோணுங்களா? கொழந்த காது என்னாவறது?"

"காதுக்கு நான் பொறுப்பு."

"ரண்டு காதுக்குமுங்களா?"

"ரெண்டு காதுக்கும்."

மறுநாள் செல்வி வீட்டுக்கு முருங்கைக்கீரையும், நெல்லிக்காயும், சுவரொட்டி எனும் ஆட்டு மண்ணீரல் வறுவலும் வந்திறங்கின.

"எனக்குக் குச்சிதான் வேணுங்கண்ணா."

"குச்சி கெடையாது சாமி. இதத் தின்னு, நர்சம்மா குடுத்த மாத்திரையப் போடு. அதுவரைக்கும் வண்டி நவுராது."

"அங்க தறி காத்துட்டு இருக்குமேண்ணா?"

"இருக்கட்டும். தறி என்ன முழுகாமயா இருக்குது?"

குரலில்தான் அதட்டல், கை தம் காதையே தடவிக்கொண்டிருந்ததைப் பக்கத்தில் நின்ற நான் பார்த்தேன். பிரசவம் வரை ஒருநாளும் தவறாமல் அப்படிக் காதைத் தடவியபடியே மறுத்தார். செல்வியின் இரத்த அளவு மெல்ல உயர்ந்தது. பெண் குழந்தை, இருவரும் நலம். பார்க்க வந்த எல்லாரும் குழந்தையின் முகத்தைப் பார்த்தார்கள். பாவு வண்டியார் கைப்பேசி விளக்கை அடித்துக் காதைப் பார்த்தார். அடுத்த ஆறு மாதங்களும் வாரந்தோறும் பார்த்தார்.

பிறகு ஒருநாள் என் வீட்டு வாசலில் வண்டி நின்றது.

"அம்மிணி, காது சுத்தமா இருக்குதுங்க."

"சந்தோஷம்ணா."

அவர் கிளம்பவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இல்லீன்னு சொல்லியும் அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் ஆவல. அப்ப... எம் பையன் காது போனது, என்னாலயில்லீங்களா?"

"இல்லைங்கண்ணா. அது கிருமியால வந்தது. உங்க மேல ஒரு தப்பும் இல்லை."

சட்டைப்பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து நீட்டினார்.

"இத ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க அம்மிணி. எங்க ஊட்டுல காட்டோணும்."

எழுதி, கையொப்பமும் இட்டுக் கொடுத்தேன். எனக்கோ பழைய கவலை. "இனி காதுக்குப் பயமில்லையே, ஓட்டத்தை நிறுத்திடுவீங்களாண்ணா?" என்றேன்.

"நிறுத்தறதுங்களா? மூணாவது சந்துல ஒரு புள்ள நேத்துலிருந்து நொங்கு நொங்குன்னு மொனவிக்கிட்டுக் கெடக்குதுங்க. வாரேன்!"

சீட்டை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்து, ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். என் கையெழுத்துக்கு அதைவிட நல்ல இடம் அதற்குமுன் வாய்த்ததில்லை.